கார்பன் விலைச் சட்டம் (ஆஸ்திரேலியா)

பெருந்தொழில் நிறுவனங்கள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களுக்கு ஆஸ்திரேலியா விதித்த விலை, ‘கார்பன் வரி’ என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. 2012 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த இது இரண்டே ஆண்டுகளில் நீக்கப்பட்டது. இதைச் சுற்றி நடந்த மோதலில் பிரதமர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் பதவி இழந்தனர். பெரும்பாலும் அவர்களைக் கவிழ்த்தவர்கள் சொந்தக் கட்சிக்காரர்கள்.

2007 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் உமிழ்வு வணிகத் திட்டத்துக்கு (உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் முறை) வாக்குறுதி அளித்திருந்தன. வென்ற தொழிற்கட்சியின் கெவின் ரட் கொண்டுவந்த மசோதாவுக்கு லிபரல் தலைவர் மால்கம் டர்ன்புல் ஆதரவு தர முன்வந்தார். 2009 டிசம்பர் 1-இல் நடந்த கட்சி வாக்கெடுப்பில் அவர் 42-41 என்ற கணக்கில் டோனி அபட்டிடம் தோற்றார். மறுநாள் மேலவையில் மசோதாவும் தோற்றது. இலக்கு போதாதென்று பசுமைக் கட்சியும் எதிர்த்தே வாக்களித்தது. திட்டத்தைத் தள்ளிப்போட்டதால் செல்வாக்குச் சரிந்த ரட், 2010 ஜூனில் சொந்தக் கட்சியின் ஜூலியா கில்லார்டிடம் பிரதமர் பதவியை இழந்தார்.

கார்பன் வரி வராது என்று தேர்தலுக்கு முன் சொன்ன கில்லார்ட், பெரும்பான்மை கிடைக்காமல் பசுமைக் கட்சியையும் சுயேச்சைகளையும் நம்பி ஆட்சி அமைத்தார். 2011-இல் சட்டம் நிறைவேறியது. டன்னுக்கு 23 டாலர் என விலை தொடங்கியது. வருவாயில் ஒரு பகுதி மக்களிடமே திரும்பியது. வருமான வரி விலக்கு வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்ந்தது. ஆனாலும் வாக்காளர் மனத்தில் நின்றது மீறப்பட்ட வாக்குறுதிதான். அதையே முழக்கமாக்கி 2013-இல் வென்ற அபட், 2014 ஜூலை 17-இல் சட்டத்தை நீக்கினார்.

கட்சிகளின் தடுமாற்றத்துக்கு வேர் நிலக்கரி. குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சுரங்கத்தை நம்பி வாழும் தொகுதிகள் உள்ளன. தொழிற்கட்சிக்குச் சுரங்கத் தொழிலாளர் வாக்கும் வேண்டும், நகரத்து இளைஞர் வாக்கும் வேண்டும். லிபரல் கட்சியோ கிராமப்புற நேஷனல் கட்சியின் கூட்டணியில்லாமல் ஆட்சி அமைப்பது கடினம். குயின்ஸ்லாந்தில் அதானி குழுமத்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம் பற்றித் தெளிவாகப் பேசத் தயங்கிய தொழிற்கட்சி, 2019 தேர்தலில் அம்மாநிலத்தில் அடி வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, மீண்டும் லிபரல் தலைவராகிப் பிரதமராக இருந்த டர்ன்புல் மின்சாரக் கொள்கைத் தகராறில் இரண்டாம் முறை வீழ்ந்தார்.

2022-இல் காற்று திசை மாறியது. காலநிலையை முன்னிறுத்திய சுயேச்சைப் பெண் வேட்பாளர்கள் லிபரல் கோட்டைகளான நகரத் தொகுதிகளைக் கைப்பற்றினர். ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் ஆன்டனி அல்பனீசி, 2005 அளவிலிருந்து உமிழ்வை 2030-க்குள் 43 விழுக்காடு குறைக்கும் இலக்கைச் சட்டமாக்கினார். ஆனால் கார்பன் வரிக்குத் திரும்பவில்லை. அபட் ஆட்சியில் உருவான உமிழ்வு வரம்பு விதிகளையே 2023-இல் பசுமைக் கட்சியின் துணையோடு இறுக்கி, பெரிய ஆலைகளுக்கான வரம்பை ஆண்டுதோறும் 4.9 விழுக்காடு குறையச் செய்தார்.