ஒரோமோவும் சுவாகிலியும் – ஓர் ஒப்பு நோக்கு

ஒரு மொழியின் பெருமையை அளக்க நாம் பெரும்பாலும் இரண்டு கோல்களையே கையாள்கிறோம். ஒன்று அதன் தொன்மை. மற்றொன்று அதனைப் பேசுவோர் தொகை. இவ்விரண்டும் வாய்த்துவிட்டால் மொழி தானே தழைக்கும் என்பது நம்மிற் பலருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கை வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காண்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்க மொழிகள் இரண்டு நமக்குத் துணை செய்கின்றன. அவை ஒரோமோவும் சுவாகிலியும் ஆகும்.

எத்தியோப்பியாவின் மேட்டு நிலங்களிலும் தெற்குச் சமவெளிகளிலும் வழங்குவது ஒரோமோ. அதன் தென்கிளையைப் பேசும் போரானர் வட கென்யாவிலும் வாழ்கின்றனர். 2007ஆம் ஆண்டு எத்தியோப்பியக் குடிக்கணக்கின்படி அந்நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் ஒரோமோ இனத்தவர். சுவாகிலியோ லாமு, மொம்பாசா, சான்சிபார், கில்வா முதலிய தீவுகளிலும் துறைமுகங்களிலும் பிறந்த மொழி. அரபு மொழியில் ‘கடற்கரைகள்’ என்று பொருள்படும் சொல்லே அதன் பெயருக்கு அடி. அதனைத் தாய்மொழியாகக் கொண்ட கடற்கரை மக்கள் தொடக்கத்தில் சிறு தொகையினரே. இன்று அதனைப் பேசுவோர் 20 கோடிக்கு மேற்பட்டோர் என யுனெஸ்கோ கணிக்கிறது.

இரு வேறு குடும்பங்கள்

இவை அண்டை மொழிகளேனும் உறவு மொழிகள் அல்ல. ஒரோமோ, ஆப்பிரிக்க-ஆசியப் பெருங்குடும்பத்தின் குஷிட்டியக் கிளையைச் சார்ந்தது. சோமாலி அதற்கு நெருங்கிய உறவு. சுவாகிலி பாண்டு மொழிகளுள் ஒன்று. கிகுயுவும் சூலுவும் அதன் இனத்தவை. சுவாகிலியில் அரபுச் சொற்கள் மிகுதியாகக் கலந்திருத்தலால் அதனை ஒரு கலவை மொழி என்று கூறுவாரும் உளர். ஆறு, ஏழு, ஒன்பது என்னும் எண்களின் பெயர்கள் அரபிலிருந்து வந்தவையே. ஆயினும் சொற்களை இரவல் வாங்கியதேயன்றி இலக்கணத்தை அது இரவல் வாங்கவில்லை.

இதற்கு நாம் நன்கறிந்த ஒரு சொல்லையே சான்றாகக் காட்டலாம். நூலைக் குறிக்கும் ‘கிதாப்’ என்னும் அரபுச் சொல்லை வடஇந்தியக் கடைத்தெருக்களில் நாள்தோறும் கேட்கிறோம். அச்சொல் சுவாகிலியிற் புகுந்து ‘கித்தாபு’ என்றாயிற்று. பாண்டு மொழிகளில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து, முன்னொட்டினால் ஒருமையும் பன்மையும் காட்டும். ‘கி’ என்பது அத்தகைய முன்னொட்டுகளுள் ஒன்று. அதன் பன்மை ‘வி’. அரபுச் சொல்லின் முதலெழுத்தையே தன் முன்னொட்டாகக் கருதிக்கொண்ட சுவாகிலி, நூல்கள் பல எனின் ‘வித்தாபு’ என்கிறது! அடைமொழியும் அதனைத் தொடர்ந்தே மாறும். நல்ல நூல் ‘கித்தாபு கிஸூரி’. நல்ல நூல்கள் ‘வித்தாபு விஸூரி’. வந்த விருந்தினரைத் தன் வீட்டு உடை உடுத்தச் செய்த மொழி அது.

அதே சொல் ஒரோமோவில் ‘கிதாப’ என வழங்குகிறது. அங்கே பன்மை பின்னொட்டினால் அமையும்: ‘கிதாபொத’. ‘நான் நூல் படிக்கிறேன்’ என்பதைச் சுவாகிலியர் ‘நினாசோமா கித்தாபு’ என்பர். ‘நி’ தன்மை இடத்தையும், ‘னா’ நிகழ்காலத்தையும், ‘சோமா’ படித்தலையும் குறிக்க, வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் நிற்கின்றன. ஒரோமோவர் ‘அனி கிதாப துப்பிஸ’ என்பர். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் இம்முறை நம் தமிழ்த் தொடரின் முறையே. பால் பாகுபாட்டிலும் இரண்டும் வேறுபடுகின்றன. ஒரோமோ ஆண்பால் பெண்பால் வேற்றுமையைப் பேணுகிறது. சுவாகிலியிலோ அவன், அவள் இரண்டிற்கும் ‘யேயே’ என்னும் ஒரு சொல்லே உண்டு.

ஒலியமைப்பில் ஒரோமோ நமக்கு இன்னும் வியப்பளிக்கிறது. அதன் உயிர்கள் பத்து. குறில் ஐந்து, நெடில் ஐந்து. கல் வேறு, கால் வேறு என்று நாம் அறிவதுபோல, அங்கே ‘லஃப’ என்றால் நிலம், ‘லாஃபா’ என்றால் மென்மையானது. புளி வேறு, புள்ளி வேறு என்பதுபோல, ‘பதா’ என்றால் தீயது, ‘பத்தா’ என்றால் மேட்டுநிலம். இவ்வொப்புமைகளைக் கண்டவுடன் உறவு கொண்டாடிவிடலாகாது. வினை இறுதியில் நிற்கும் மொழிகளும் குறில் நெடில் பேணும் மொழிகளும் உலகில் பல. ஆனால் குறில் நெடிலும் ஒற்றிரட்டுதலும் ஒரோமோவின் உயிர்நிலை என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். எழுத்தைப் பற்றிய போராட்டத்தில் அது மீண்டும் வரும்.

ஒருவரே கண்ட இரு மொழிகள்

இரண்டு மொழிகளின் வரலாறும் ஒரு மனிதரிடத்தே சந்தித்தன. அவர் செருமானியப் பாதிரியார் யோகான் லூத்விக் கிராப். 1839இல் எத்தியோப்பியாவின் ஷோவா நாட்டை அடைந்த அவர் ஒரோமோவைக் கற்று, 1840இல் அதன் இலக்கணச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டார். 1842இல் ஷோவாவை விட்டு நீங்கியபின் மீண்டும் நுழைய இயலவில்லை. தென்திசையிலிருந்தாவது ஒரோமோ மக்களை அடையலாம் என்றெண்ணி 1844இல் மொம்பாசாவிற்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே மனைவியையும் பிறந்த மகவையும் பறிகொடுத்தார். ஒரோமோவைத் தேடி வந்தவர் தங்கிய இடத்தில் சுவாகிலியைக் கற்றார். 1850இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டார். 1881இல் அவர் மறைந்தார். அவர் தொகுத்த சுவாகிலி அகராதி அடுத்த ஆண்டில் அச்சேறியது.

இலக்கணம் எழுதப்பெற்ற முறையில் பார்த்தால் ஒரோமோவே மூத்தது. ஆனால் பின்னர் நிகழ்ந்தது வேறு.

எழுத்துப் பெற்ற மொழி

கிராப் வருமுன்னரே சுவாகிலி அரபு எழுத்தில் எழுதப்பட்டு வந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சுவாகிலி ஆவணங்கள் 1711ஆம் ஆண்டளவில் கில்வாவிலிருந்து எழுதப்பட்ட மடல்கள். போர்த்துகீசியரின் கைக்குச் சென்ற அவை நம் நாட்டிலேயே, கோவா ஆவணக் காப்பகத்திலேயே, பாதுகாக்கப்பட்டுள்ளன என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

கடற்கரையினின்று உள்நாட்டிற்கு அம்மொழியைக் கொண்டு சென்றவை தந்தமும் அடிமைகளும் ஏற்றிய வணிகக் கூட்டங்கள். அதன் பெருமையினுள் இத்துயரமும் அடங்கியுள்ளது. பின்னர்ச் செருமானியர் ஆட்சி அதனை அலுவல் மொழியாகப் பயன்படுத்தியது. ஆங்கிலேயர் காலத்தில், 1928இல் மொம்பாசாவிற் கூடிய மாநாடு சான்சிபார் வழக்கைப் பொதுவழக்காகத் தெரிந்தெடுத்தது. 1930இல் அதனைச் செப்பம் செய்ய மொழிக்குழு ஒன்று அமைந்தது. 1961இல் தாங்கனீக்கா விடுதலை பெற்றபோது, சனாக்கி என்னும் சிறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஜூலியஸ் நைரேரே, சுவாகிலியையே நாட்டை இணைக்கும் கயிறாகக் கொண்டார். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைத் தாமே அதிற் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். 2021இல் யுனெஸ்கோ ஜூலை 7ஆம் நாளை உலகச் சுவாகிலி நாளாக அறிவித்தது. இவ்வளவிற்கும் ஒரு விலை உண்டு. தான்சானியாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறு மொழிகள் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்றன.

எழுத்து மறுக்கப்பட்ட மொழி

ஒரோமோவின் முதற் பெருநூலை உருவாக்கியோர் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டு மீண்டவர்கள். சிறுவயதிற் கடத்தப்பட்டு 1870இல் மஸ்ஸாவாவில் விடுதலை பெற்ற ஒனேசிமோஸ் நெசிப் அவர்களுள் தலையாயவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஹீக்கா; ‘மொழிபெயர்ப்பவன்’ என்பது அதன் பொருள். 1886இல் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட அஸ்தெர் கன்னோ என்னும் பெண்மணி சொற்களையும் நாட்டுக் கதைகளையும் பாடல்களையும் நினைவிலிருந்து தொகுத்து அவருக்குத் துணை நின்றார். இவர்களின் உழைப்பால் 1899இல் முழு விவிலியமும் எத்தியோப்பிய எழுத்தில் ஒரோமோ மொழியில் வெளிவந்தது.

அரசின் நோக்கமோ அம்காரிய மொழி ஒன்றையே வளர்ப்பதாயிருந்தது. 1944ஆம் ஆண்டு ஆணை சமயப் பள்ளிகளிலும் அம்காரியத்தையே பயிற்றுமொழியாக்கியது. 1955ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை ஆட்சிமொழி என விதித்தது. 1956இல் ஷேக் பக்ரி சப்பாலோ என்னும் அறிஞர் ஒரோமோவின் ஒலிகளுக்கெனவே புதிய எழுத்து முறை ஒன்றை வகுத்தார். ஆட்சியாளர் அதனை ஒடுக்கினர். அவர் 1980இல் சோமாலியாவில் ஏதிலியாக உயிர் நீத்தார்.

1974ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் தடை தளர்ந்தது; 1975இல் ‘பரீஸா’ என்னும் செய்தித்தாள் எத்தியோப்பிய எழுத்தில் தோன்றியது. ஆனால் அவ்வெழுத்தில் ஒவ்வொரு மெய்க்கும் உயிரேறிய வடிவங்கள் ஏழே. பத்து உயிர்களுக்கு அவை போதா. இரட்டித்த ஒற்றைக் காட்டவும் வழியில்லை. 1991 நவம்பர் 3ஆம் நாள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒரோமோ அறிஞர்கள் அடிஸ் அபாபாவிற் கூடி, ‘குபே’ எனப்படும் இலத்தீன் எழுத்து முறையை ஏற்றனர். நெடிலுக்கு உயிரை இரட்டித்தனர். வல்லொற்றுக்கு மெய்யை இரட்டித்தனர். நிலமும் மென்மையும், தீயதும் மேட்டுநிலமும் ஏட்டிலும் வேறுபட்டு நின்றன. கிராப்பின் இலக்கணம் வெளிவந்து 151 ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒரோமோக் குழந்தைகள் தம் மொழிக்குப் பொருந்திய எழுத்திற் பள்ளிப் பாடம் படிக்கலாயினர்.

நாம் கொள்ளத்தக்கது

சிறு தொகையினரின் மொழி எழுத்தும் பள்ளியும் ஆட்சியும் பெற்று ஒரு கண்டத்தின் குரலாயிற்று. பெருந்தொகையினரின் மொழி அவற்றை இழந்து நெடுங்காலம் காத்துக் கிடந்தது. அவ்வாறு கிடந்தும் அது அழியவில்லை. அடுப்படியிலும் மேய்ச்சல் வெளியிலும் தாய்மார் நாவில் வாழ்ந்தது. எனினும் வீடு காத்துத் தந்தது பேச்சை மட்டுமே. தாம் பேசும் மொழியில் ஒரு மடல் எழுதவும் இயலாமல் தலைமுறைகள் கழிந்தன.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இது தொலைநாட்டுக் கதை மட்டும் ஆகாது. அலுவலகத்தில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, இல்லத்தில் தமிழ் என்று வாழ்கிறோம். வாழும் இடத்தின் பொதுமொழியைக் கற்றல் நன்றே. நைரேரே தம் வாழ்வால் காட்டிய நெறி அது. ஆனால் நம் குழந்தைகள் பலர் தமிழைப் பேசுகின்றனர், படிக்க அறியார். ஒரோமோ மக்களுக்கு எழுத்தை மறுத்தது அரசு. நமக்கோ எழுத்தை மறுப்பார் எவருமிலர். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குறிலும் நெடிலும் பிரித்தெழுதிய மரபு நம் கையில் உள்ளது. அதனைப் பிள்ளைகளுக்குக் கொடாது விடுவோமாயின், பொறுப்பு வேறு எவரையும் சாராது. மாலையில் அரை மணி நேரம், ஒரு பலகை, ஓர் எழுதுகோல். தொடங்குவதற்கு இவையே போதும்.