கிதார் பரீட்சையில் பியானோவுக்கு என்ன வேலை?

"கிதார் கத்துக்கிற பையனை எதுக்கு சார் பாடச் சொல்றாங்க?" பரீட்சை நெருங்கினால் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் இசைப் பரீட்சை அமைப்பின் காதுத் தேர்வில் பரீட்சகர் பியானோ வாசிப்பார். பையன் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதைத் திருப்பிப் பாட வேண்டும், தாளம் தட்ட வேண்டும். ஆறாம் கிரேடில் ஸ்வர வாக்கியம் எப்படி முடிந்தது என்றும் சொல்ல வேண்டும்.

இந்தக் காதுத் தேர்வின் பூர்வீகம் கிதாரில் இல்லை, தேவாலயப் பாட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, பிள்ளைகளுக்கு எழுத்துகளைக் கொண்டே பாடக் கற்றுக்கொடுத்தார். 1835இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாட்டுச் சொல்லித்தர நல்ல வழி ஒன்று கண்டுபிடிக்கும்படி ஜான் கர்வென் என்ற பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் குளோவரின் முறையைத் திருத்தி நாடெங்கும் பரப்பினார். அதில் 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும். நம் சட்ஜமத்தைப் போலத்தான், நமக்கு விளக்கவே வேண்டாம். கர்வென் கொடுத்த சான்றிதழுக்குக் காதால் ஸ்வரம் கண்டுபிடிப்பதும் ஒரு தேர்வு.

அதன் பிறகு லண்டனின் டிரினிட்டி இசைக்கல்லூரி 1877இல் வெளியூர்ப் பரீட்சைகளைத் தொடங்கியது. 1889இல் லண்டனின் இரண்டு ராயல் இசைக்கல்லூரிகள் சேர்ந்து ஏபிஆர்எஸ்எம்மை ஏற்படுத்தின. வசதியான வீடுகளில் பியானோ நின்ற காலம் அது. கிதாரை வாத்தியமாகவே மதிக்கவில்லை. 1945இல் ராயல் இசைக்கல்லூரியில் சேர்ந்த கிதார் கலைஞர் ஜூலியன் பிரீமிடம் கிதாரை உள்ளே கொண்டுவராதே என்றார்கள். 1956இல் அங்கே போன இன்னொரு கிதார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ், கிதார் வகுப்பு இல்லாததால் பியானோ படித்தார். பிறகு 1960இல் அங்கே கிதார் பிரிவைத் தொடங்கியவரும் அவரேதான். ஆக, கிதார் உள்ளே நுழைவதற்குள் பாட்டும் பியானோவும் பரீட்சையில் வேரூன்றிவிட்டன.

சென்னைக்கும் இந்தக் கிதார் பரீட்சைகளில் பங்கு உண்டு. டிரினிட்டியின் கிளாசிக்கல் கிதார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கியவர் நம் இளையராஜா.

கிதார் பிள்ளைகளின் சங்கடம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஸ்வரம் என்பது ஃபிரெட்டில் ஓர் இடம், கண் போன இடத்துக்கு விரல் போகும். போதாக்குறைக்கு, கிதாரின் தலையில் மாட்டிய டியூனரில் பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சரி என்று விட்டுவிடுகிறார்கள். காதுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் பயிற்சிக்கான சரக்கு கிதாரிலேயே இருக்கிறது. தடித்த தந்தியிலிருந்து மேலே வாருங்கள்: ஈ, ஏ, டி, ஜி. ஒவ்வொரு தாண்டலும் ச–ம. ஜியிலிருந்து பிக்கு மட்டும் ச–அந்தர காந்தாரம். பியிலிருந்து கடைசி ஈக்கு மறுபடி ச–ம. ஒரு தந்தியை மீட்டி, அடுத்ததைத் தொடாமல் வாயால் பாடி, பிறகு மீட்டிச் சரிபார்க்கச் சொல்வேன். பரீட்சையில் குரல் இனிமைக்கு மதிப்பெண் கிடையாது, ஸ்வரம் சரியாக இருந்தால் போதும். 'ம்ம்' என்று முனகினாலும் ஏற்பார்கள். பியானோவின் நாதம் பழக, வீட்டிலிருக்கும் சாதாரண கீபோர்டே போதும்.

டிரினிட்டியில் காதுத் தேர்வை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். அதைத்தான் எடுக்கட்டுமே என்பார்கள் பெற்றோர்கள். நான் சம்மதிப்பதில்லை. ஏபிஆர்எஸ்எம்மில் காதுத் தேர்வுக்கு 150க்கு 18 மதிப்பெண். அதற்காக இல்லாவிட்டாலும், தினமும் முதலில் காதால் சுருதி சேர்க்கவிட்டு, பிறகு டியூனரைக் கையில் கொடுங்கள்.