சாண்டோ: பெயர் வாங்கிய உடம்பு

ஜவுளிக்கடையில் ‘சாண்டோ’ என்று கேட்டால் கை வைக்காத பனியனை எடுத்துப் போடுகிறார்கள். அது ஓர் ஆளின் பெயர் என்பது விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அந்த ஆளுக்கே அது பிறந்தபோது வைத்த பெயரில்லை. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர், மேடைக்காக யூஜின் சாண்டோ ஆனார். தன் தசைகளைக் காட்சிப் பொருளாக்கினார். தன் புகைப்படம், பயிற்சிக் கருவி, பயிற்சிப் புத்தகம் எல்லாவற்றையும் விலைக்கு விட்டார். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து போனார். ‘நீங்கள் பலவீனர்கள், அதனால்தான் ஆளப்படுகிறீர்கள்’ என்று காலனியம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சொல்லாடலுக்குப் பதில் சொல்லக் கிளம்பிய உடற்பயிற்சிச் சாலைகள், ஆள்பவனின் உடம்பையே அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை.

கோவை இராமநாதபுரத்தில் 1915இல் பிறந்த சின்னப்பா, அந்த வேடிக்கையின் நடுவில் வளர்ந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பங்கஜா மில் வேலை. மாதம் 9 ரூபாய்ச் சம்பளம் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் கணக்கு. அவரும் நண்பர்களும் நடத்திய இடத்தின் பெயர் வீர மாருதி தேகப் பயிற்சிச் சாலை. சாலைக்கு அனுமார் பெயர், ஆளுக்கு பிரஷ்யாக்காரன் பெயர். இரண்டும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருந்தன.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். மில்லில் நாள் முழுக்கப் பிழியப்பட்டவன், ஷிஃப்ட் முடிந்து வந்து மறுபடியும் எதற்காகக் கர்லாக்கட்டை சுற்றுகிறான்? பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் கோவையில் மில்கள் பெருகின. சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, எந்திரத்தின் வேகத்துக்குக் கை ஓட்டிப் பழகியது ஒரு தலைமுறை. அந்த உடம்பு எட்டு, பத்து மணிநேரம் இன்னொருவனுடையது. தண்டால் எடுக்கும் அரைமணி நேரம் மட்டும் அது அவனுடையது. உழைப்பு தேய்த்த உடம்பை உழைத்தே மீட்டுக்கொள்ளும் காரியம் அது என்று எனக்குப் படுகிறது. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லால் நம் தொழிற்சங்க வரலாறுகள் இதைத் தாண்டிப் போய்விடுவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் மீட்ட உடம்பையும் வாங்குவதற்கு ஆள் இருந்தது. பலம் உள்ளவன் மில்காரனுக்கு அடியாளாகலாம், சங்கத்துக்குக் காவலாகலாம். சின்னியம்பாளையத்தில் ஆலைத் தரப்பின் அடியாள் ஒருவன் கொல்லப்பட்ட வழக்கில் இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு தொழிலாளிகள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். கோவையில் உடம்பின் பலம் என்பது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

சின்னப்பா போனது மூன்றாவது வழி. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தது. துண்டு வேஷங்களுக்கும் சண்டைகளுக்கும் நல்ல உடம்பு தேவைப்பட்டது. 1947இல் வந்த ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகன். அவரோடு மோதுகிற பலசாலி சின்னப்பா. அந்த வேஷத்துக்கு இவர்தான் வேண்டும் என்று எம்.ஜி.ஆரே பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். கதாநாயகன் ஜெயிக்க வேண்டுமானால் எதிரில் நிற்பவன் நிஜமான பலசாலியாகவும் இருக்க வேண்டும், தோற்கவும் தெரிந்திருக்க வேண்டும். இது பழைய ஏற்பாடுதான். புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய மற்போரில் ஜெயித்த கிள்ளிக்குப் பெயர் இருக்கிறது. தோற்றவன் வெறும் ‘ஆமூர் மல்லன்’. அவன் பேரு என்னன்னு எந்த உரைகாரரும் கேட்கவில்லை.

பெயர் விஷயத்தில் ஜப்பானிய சுமோவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மங்கோலியாவிலிருந்து 2000த்தில், 15 வயதில், 62 கிலோ எடையோடு வந்த முன்க்பாட் தவாஜர்கல் என்ற பையனை முதலில் எந்தப் பயிற்சிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளி வாங்கியவர். பையன் ‘ஹகுஹோ’ என்ற ஜப்பானியப் பெயரோடு களம் இறங்கி, 2007இல் யோகோசுனா என்னும் உச்ச நிலையை எட்டி, 45 பட்டங்கள் ஜெயித்தார். பயிற்சிக்கூடம் நடத்த ஜப்பானியக் குடியுரிமை வேண்டும் என்பது விதி. 2019இல் அதையும் வாங்கினார். 2021இல் ஓய்வு பெற்று, 2025இல் சங்கத்தை விட்டே வெளியேறினார். அங்கே பெயர் நிறுவனம் கொடுப்பது. உள்ளே வருகிறவன் தன்னுடையதைக் கழற்றி வாசலில் வைக்க வேண்டும்.

சின்னப்பா எதையும் கழற்றவில்லை. ‘சாண்டோ’ முன்னால் வந்து ஒட்டியது, ‘தேவர்’ பின்னால் அப்படியே நின்றது. ஐரோப்பாவிலிருந்து வந்த ‘நவீன உடம்பு’ சாதியோடு மோதவில்லை, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சுமோவின் கட்டாயம் கொடுமைதான். அதற்காக நம்மூர்த் தாராளத்தை விடுதலை என்று சொல்லிவிட முடியுமா?

1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’. தம்பி திருமுகம் இயக்கம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். அடிவாங்கியவர் முதலாளியானார். இடையில் ஒரு பிரிவு வந்தாலும் எம்.ஜி.ஆரை வைத்துத் தேவர் பிலிம்ஸ் எடுத்த படங்கள் மொத்தம் 16. அதில் 1964இல் வந்த ஒன்றின் பெயர் ‘தொழிலாளி’. 9 ரூபாய்ச் சம்பளக்காரர் அந்தத் தலைப்பில் பணம் போட்டபோது என்ன நினைத்திருப்பார்? 1971இல் ராஜேஷ் கன்னாவை வைத்து ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்து இந்தியிலும் ஜெயித்தார். யானை, புலி, பாம்பு என்று வாயில்லா உடம்புகள் அவர் படங்களில் நிறைய உழைத்தன. சண்டைக்காட்சியில் கீழே விழுந்தவர்களும்தான். மருதமலைக்கு அள்ளிக் கொடுத்தார், பார்க்கிறவரையெல்லாம் ‘முருகா’ என்று கூப்பிட்டார். 1978இல் இறந்தார்.

முதலாளியான பிறகும் ‘சாண்டோ’வை அவர் விடவில்லை. கடைசிவரை ‘சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்’தான். அந்தப் பெயருள்ள பனியனைத் திருப்பூரில் பீஸ் கணக்கில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.