எக்ஸ் பாலினக் குறியீடு

எக்ஸ் பாலினக் குறியீடு என்பது கடவுச்சீட்டு முதலிய அடையாள ஆவணங்களில் ஆண், பெண் என்னும் இரு குறிகளுக்கு மாற்றாகப் பதியப்படும் எழுத்து ஆகும். தம்மை ஆண் என்றோ பெண் என்றோ உணராத, இருமை சாராப் பாலின அடையாளம் கொண்டோரும், ஊடுபால் உடலமைப்புடன் பிறந்தோர் சிலரும் இதனைத் தெரிவு செய்கின்றனர். பிறரிடம் காட்டும் ஆவணத்தில் தம்மைப் பற்றிப் பொய் இருத்தலாகாது என்பது இவர்களின் கோரிக்கை. எனினும், ஒருவர் வெளிப்படுத்த விரும்பாத இடத்திலும் அதே எழுத்து அவரை வெளிப்படுத்திவிடுகின்றது.

பொருள்

கடவுச்சீட்டுகளின் வடிவமைப்பைப் பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் 9303 ஆம் எண் ஆவணம் வரையறுக்கின்றது. அதன்படி எக்ஸ் என்பதற்குக் "குறிப்பிடப்படவில்லை" என்பதே பொருள். அது மூன்றாவது பாலினம் ஒன்றின் பெயரன்று. கடவுச்சீட்டின் அடியில் உள்ள, இயந்திரம் படிக்கும் வரிகளில் எக்ஸ் என்ற எழுத்து இடம்பெறுவதில்லை. அவ்விடத்தில் வெற்றிடத்தை நிரப்பும் குறியே இடப்படுகின்றது.

வரலாறு

* ஆத்திரேலியா 2003 இல் முதன்முதலாக எக்ஸ் குறியிட்ட கடவுச்சீட்டை வழங்கியது. நியூசிலாந்து 2012 இல் தன்அறிவிப்பின் அடிப்படையில் இதனை வழங்கத் தொடங்கியது.
* நேபாள உச்ச நீதிமன்றத்தின் 2007 ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, அந்நாடு 2015 இல் "பிறர்" என்ற பிரிவுடன் கடவுச்சீட்டு வழங்கியது.
* பாக்கித்தானும் கனடாவும் 2017 இலும், அர்கெந்தீனா 2021 இலும் எக்ஸ் குறியை ஏற்றன.
* பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 திசம்பரில் இக்குறியைக் கோரிய வழக்கைத் தள்ளுபடி செய்தது.
* ஐக்கிய அமெரிக்கா 2021 அக்டோபரில் முதல் எக்ஸ் கடவுச்சீட்டை வழங்கியது. 2022 ஏப்ரலில் விண்ணப்பிப்போர் அனைவருக்கும் இத்தெரிவு திறக்கப்பட்டது. 2025 சனவரி 20 அன்று வெளியான அதிபர் ஆணையால் இது நிறுத்தப்பட்டது. கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததால், வழக்கு முடியும் முன்னரே அரசின் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் எக்ஸ் குறி பயன்பாட்டில் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

அன்றாட வாழ்வில்

ஓர் ஆவணம் மாறினால் ஏனையவை தாமாக மாறுவதில்லை. கடவுச்சீட்டில் எக்ஸ் என்றும் வங்கிக் கணக்கில் ஆண் என்றும் இருப்பின், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை அவரே ஒவ்வோர் இடத்திலும் விளக்க வேண்டியுள்ளது.

பல கணினி அமைப்புகளின் தரவுத்தளத்தில் பாலினத்திற்கு இரண்டு மதிப்புகளே ஏற்கப்படுகின்றன. அப்புலம் கட்டாயமானதாயின், படிவத்தை நிரப்பாமல் மேற்செல்ல இயலாது. ஆகவே உண்மையல்லாத ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலை உண்டாகின்றது. 2019 முதல் அமெரிக்க வானூர்தி நிறுவனங்கள் சில, பயணச்சீட்டுப் பதிவில் வேறு தெரிவுகளையும் சேர்த்தன.

மருத்துவமனைகளில் சிக்கல் வேறு வகையானது. குருதியில் ஈமோகுளோபினின் இயல்பளவு ஆண், பெண் எனத் தனித்தனியே தரப்படுகின்றது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கான நினைவூட்டலும் பல இடங்களில் பாலினப் பதிவைக் கொண்டே அனுப்பப்படுகின்றது. எனவே ஒருவரின் பாலின அடையாளத்தையும், சிகிச்சைக்குத் தேவையான உடல் விவரங்களையும் வெவ்வேறு புலங்களில் பதிவது பொருத்தமாகும்.

பயணத்தின்போது, இக்குறியை ஏற்காத நாடுகளில் நுழைவு மறுக்கப்படலாம். எக்ஸ் கடவுச்சீட்டை வழங்கும் கனடிய அரசே, பிற நாடுகள் அதனை ஏற்கும் என்பதற்கு உறுதியளிக்க இயலாது எனத் தன் குடிமக்களை எச்சரிக்கின்றது.

விமர்சனங்கள்

எக்ஸ் குறி அதனை உடையவரைத் தனித்துக் காட்டி, பாகுபாட்டிற்கு உள்ளாக்கக்கூடும் என்று இருமை சாராப் பாலினத்தவருள்ளேயே சிலர் கருதுகின்றனர். ஒளிப்படம், கைரேகை முதலியவற்றால் அடையாளம் காண இயலும்போது பாலினத்தை அச்சிடவே தேவையில்லை என்பது வேறு சிலரின் வாதம். அரசுகள் கொள்கையை மாற்றக்கூடும் என்பதால், ஒருமுறை பெற்ற ஏற்பு நிலையானது என்று கொள்ளவும் இயலாது.

இவற்றையும் பார்க்க

* பாலின அடையாளம்
* ஊடுபால்
* திருநர்
* கடவுச்சீட்டு