பெருமீனுக்கு ஏற்ற தொட்டி

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், விடுமுறை நாளில் குழந்தைகளை மெரீன் டிரைவுக்கு அழைத்துச் சென்று தாராபூர்வாலா மீன் காட்சிச்சாலையைக் காட்டாத குடும்பம் ஒரு காலத்தில் அரிது. 1951ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதனைத் திறந்து வைத்தார். சென்னையை நன்கறிந்த முதியோர் அப்போது, "இதற்கு முன்பே நம் மெரினாவில் ஒன்று இருந்ததே!" என்று பெருமையோடு நினைவுகூர்ந்திருப்பர். ஆம், இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான கடல்மீன் காட்சிச்சாலை 1909இல் அங்கே திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. இவ்விரு காட்சிச்சாலைகளிலும் கண்ணைக் கவர்ந்தவை பெரும்பாலும் சிறு மீன்களும் நடுத்தர மீன்களுமே. பெருமீனைக் கண்ணாடிக்குள் வைத்து உயிரோடு காக்கும் வித்தை வேறு. அதனை மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு, பல மீன்களின் உயிரைக் காவு கொண்ட வரலாறு. அதனையே இன்று நாம் சிறிது நோக்குவோம்.

பழைய உரோமாபுரியின் செல்வர்கள் கடற்கரையோரங்களில் மீன்குளங்கள் அமைத்து, விலாங்கினத்தைச் சேர்ந்த பெருமீன்களை வளர்த்தனர். லூக்குல்லஸ் என்னும் செல்வர் நேப்பிள்ஸ் அருகே ஒரு குன்றையே குடைந்து, கடலலை உள்ளே வந்து திரும்பும்படி கால்வாய் வெட்டினார். ஊரார் நகைத்தனர். ஆயினும் அவர் செய்தது அறிவுடைய செயலே என்பது நம் கருத்து. குளம் எத்துணைப் பெரிது என்பதைக் காட்டிலும், அதன் நீர் எத்துணை விரைவில் புதிதாகிறது என்பதன்றோ மீனுக்கு முதன்மையானது?

இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இலண்டன் வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன், ஒரு தொட்டியில் பொன்மீனும் நீர்ச்செடியும் நத்தையும் சேர்ந்து வாழ முடியும் என்று 1850இல் எடுத்துக்காட்டினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. செடி உயிர்வளியைத் தரும், மீன் வாழும், நீரை மாற்ற வேண்டுவதில்லை என்ற எண்ணம் பரவிற்று. விரலளவு மீனுக்கு அது பொருந்தும். முழங்கையளவு மீனுக்குப் பொருந்தாது. காரணம் எளிய கணக்கே. மீனின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். உணவும் கழிவும் அதற்கேற்பப் பெருகும். கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சு. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கும் இடம் வேண்டும், ஓடும் நீர் வேண்டும்.

இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு. 1871இல் இலண்டன் கிரிஸ்டல் மாளிகையில் அவர் அமைத்த காட்சிச்சாலையில், மக்கள் கண்ட தொட்டிகளின் நீரைக் காட்டிலும் மக்கள் காணாத நிலவறைத் தேக்கத்தின் நீர் பன்மடங்கு மிகுதி. இருளில் கிடந்த அந்நீர் நீராவி விசையால் இடையறாது மேலேறி இறங்கியது. காட்சித் தொட்டியைப் பார்த்து மயங்கும் நாம், பின்புறத்தில் மறைந்து நிற்கும் தொட்டியை எண்ணிப் பார்ப்பதேயில்லை. மறு ஆண்டில் பிரைட்டன் நகரில் எழுந்த காட்சிச்சாலையிலோ ஒரு தொட்டி மட்டுமே 100 அடிக்கு மேல் நீளமுடையது.

இதற்குப் பத்தாண்டு முன்னர் அமெரிக்காவில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விட இயலாது. நியூயார்க்கில் வேடிக்கைச் சாலை நடத்திய பார்னம், 1861இல் வெண்திமிங்கிலங்களைப் பிடித்துவரச் செய்தார். (திமிங்கிலம் மீனன்று என்பதை நேயர்கள் அறிவர், ஆயின் தொட்டியின் துன்பம் இரண்டுக்கும் ஒன்றே.) அவை நிலவறையில் செங்கல்லால் கட்டிய தொட்டியில் நன்னீரில் விடப்பட்டன, சில நாள்களில் மாண்டன. தம் அறியாமையைப் பார்னமே பின்னர் ஒப்புக்கொண்டார். அடுத்துத் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே கடல்நீர் கொணர்ந்து வேறு திமிங்கிலங்களை வைத்தார். கூட்டம் அலைமோதியது. உயிர் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் அக்கூட்டத்திற்கு ஒரு காரணம் என்பதை நினைக்க மனம் கூசுகிறது.

பெருந்தொட்டிக்குத் தடையாக நின்றது கண்ணாடியே. நீரின் ஆழம் ஒரு மீட்டர் கூடினால், சதுர மீட்டர் ஒன்றுக்கு ஒரு டன் அழுத்தம் கூடுகிறது. பழங்காலக் கண்ணாடி அதனைத் தாங்காது. எனவே 1938இல் ஃபுளோரிடாவில் மரீன் ஸ்டூடியோஸ் என்னும் கடற்காட்சிச்சாலையை அமைத்தவர்கள், பெரிய காங்கிரீட் தொட்டிகளைக் கட்டி, கப்பலின் சாளரம் போன்ற சிறு துளைகள் வழியே மட்டும் பார்க்கும்படி செய்தனர். நீருக்கடியில் திரைப்படம் எடுப்பதே அவர்களது முதல் நோக்கம். அவர்களுள் ஒருவர் எழுத்தாளர் டால்ஸ்டாயின் பேரர் இலியா டால்ஸ்டாய் என்பது ஒரு வியப்பான செய்தி.

இடம் மட்டும் பெரிதானால் போதுமோ? போதாது என்பதைச் சுறாக்கள் கற்பித்தன. பெருங்கடற் சுறாக்கள் பலவும் சூரை மீனும் வாயைத் திறந்தபடி ஓயாது நீந்தினாலன்றிச் செவுள்களில் நீர் பாயாது. நின்றால் மூச்சு நிற்கும். நான்கு மூலைகள் உள்ள தொட்டி அவற்றுக்குச் சிறைச்சாலை. திரும்பும்போதெல்லாம் முட்டி மூக்கு புண்ணாகும். ஆகவே சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெயின்ஹார்ட் காட்சிச்சாலை 1977இல் வளையம் போன்ற தொட்டியைத் திறந்தது. மக்கள் நடுவில் நிற்க, மீன்கள் முடிவின்றிச் சுற்றி வந்தன. 1980இல் ஒரு வெண்சுறா அதில் விடப்பட்டது. அது குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் மீண்டும் மீண்டும் முட்டியது. அவ்விடத்தில் மிக நுண்ணிய மின்னழுத்த வேறுபாடு இருந்ததைப் பின்னர்க் கண்டறிந்தனர். நாம் அறியாத ஒரு புலனால் அது தன் சிறையின் குறையை அறிந்தது! சில நாள்களில் அதனைக் கடலிலேயே விட்டுவிட்டனர்.

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் காட்சிச்சாலை 1996இல் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியை அமைத்தது. அதில் 2004இல் விடப்பட்ட இளம் வெண்சுறா 198 நாள் வாழ்ந்து வளர்ந்தது. பிறகு உடனிருந்த இரு சுறாக்களைக் கடித்துக் கொன்றதும் அதனைக் கடலுக்கு அனுப்பினர். 2011 வரை அங்கு வைத்துக் காத்த வெண்சுறாக்கள் ஆறு. அதன்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய தொட்டியும் குட்டிச் சுறாவுக்கே போதுமானதாக இருந்தது.

இந்த வரலாற்றில் நம் உள்ளம் நிறைவு கொள்ளும் பகுதி ஜப்பானில் உள்ளது. ஓகினாவாத் தீவினர் 1980 முதலே உலகின் மிகப் பெரிய மீனாகிய திமிங்கிலச் சுறாவை வைத்துப் பழகினர். பழைய தொட்டி ஏறத்தாழ 1,100 கன மீட்டர். அதில் வந்து சேர்ந்த சுறாக்களிலிருந்து அவர்கள் கற்றனர். அடுத்த தொட்டியை மீனை அளந்தே வரைந்தனர். 2002இல் திறந்த புதிய தொட்டி 35 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். கொள்ளளவு 7,500 கன மீட்டர். ஆழம் ஏன்? திமிங்கிலச் சுறா இரையுண்ணும்போது செங்குத்தாக நின்று நீரை உறிஞ்சும். ஆழமற்ற தொட்டியில் வால் தரையைத் தொடும். முகப்பில் கண்ணாடி இல்லை. 60 செண்டிமீட்டர் பருமனுள்ள அக்ரிலிக் பலகையே உள்ளது. போர் விமானங்களின் சாளரங்களுக்குப் பயன்பட்ட அப்பொருள், பலகையோடு பலகை இணைந்து ஒன்றாவதால், எத்துணை அகலத்திற்கும் நீளும். 1995இல் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளத்தில் வந்த ஆண் சுறா ஒன்று, அங்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து எட்டு மீட்டரைக் கடந்தது.

அளவு மட்டுமே காவல் அன்று என்பதற்கும் சான்று உண்டு. 2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியாக் காட்சிச்சாலை அதனினும் பெரிய, ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் லிட்டர் தொட்டியைத் திறந்தது. தைவானிலிருந்து விமானத்தில் வந்த திமிங்கிலச் சுறாக்களுள் இரண்டு 2007இல் இறந்தன. ஒட்டுண்ணியை ஒழிக்க இட்ட மருந்தின் மீது ஐயம் எழுந்தது. நம் நாட்டிலோ 2001இல் இம்மீனுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் கிடைத்தது. குஜராத் மீனவர்கள் வலையில் சிக்கியதை வலையறுத்து விடுவிக்கின்றனர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கொல்கத்தாவின் காலிஃப் தெருவிலும் சென்னைக் கொளத்தூரிலும் விரல் நீளத்தில் கிடைக்கும் செவ்வால் கெளுத்தி, அமேசான் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். "தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவே வளரும்" என்று விற்போர் சொல்வர். இது பழைய பொய். சிறு தொட்டியில் மீன் வளர்ச்சி குன்றுவது உண்மை. ஆனால் கழிவு நிறைந்த நீரில், முதுகு வளைந்து, ஆயுள் குறைந்து குன்றுகிறது. முழு வளர்ச்சியுற்ற மீன் உடலை வளைக்காமல் திரும்ப, தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். ஒரு மீட்டர் கெளுத்திக்கு 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் எனக் கொண்டால் 4,500 லிட்டர். நீரின் எடை மட்டும் நாலரை டன். மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் நாம் அதனை எந்தத் தளத்தின் மீது வைப்பது? மூன்றடித் தொட்டியில் ஏறத்தாழ 190 லிட்டர் நீரே கொள்ளும். அதற்கு உரியவை விரலளவு மீன்களே.

தொட்டியில் அடங்காத மீனை ஏரியில் விட்டுவிடும் வழக்கமும் பரவியுள்ளது. 2023இல் வட அமெரிக்காவுக்குரிய முதலைவாய் மீன், போபால் ஏரியிலும் காச்மீரத்து தால் ஏரியிலும் அகப்பட்டது. மாமிசம் உண்ணும் அம்மீன் பத்தடி அளவுக்கும் வளரக்கூடியது. விலை கேட்குமுன் நாம் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது முழுதும் வளர்ந்தால் எத்தனை அடி?"