கவலை உடம்புக்குள் இறங்கும் வழி: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

மனக்கவலை உடம்பை வாட்டும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும். ஆனால் எந்த வழியாக? இதற்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

1936-இல் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செலியே ஒன்றைக் கண்டார். எலிக்குக் குளிர், காயம், விஷம் என எந்தத் துன்பம் நேர்ந்தாலும், சிறுநீரகத்தின்மேல் குல்லாய் போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஒரே மாதிரி பெருத்தது. அட்ரினலுக்கு உத்தரவிடுவது மூளையடியில் தொங்கும் பிட்யூட்டரி. சரி, பிட்யூட்டரிக்கு உத்தரவிடுவது யார்?

அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் என்றார் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ். நரம்பு வழியாக அல்ல, நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒரு ரசாயனத்தை அனுப்பி ஏவுகிறது என்பது 1940களில் அவர் கொண்ட கருத்து. பலர் ஒப்பவில்லை. "சரக்கைக் காட்டு" என்பதுதானே எந்த வியாபாரத்திலும் முதல் கேள்வி?

1955-இல் மான்ட்ரியலில் சாஃப்ரன், ஷாலி இருவரும், ஹூஸ்டனில் கில்லமின் குழுவும் அந்தச் சரக்கு இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் பிரித்தெடுக்க முடியவில்லை. வேறு ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களைக் கண்டுபிடித்து ஷாலியும் கில்லமினும் 1977-இல் நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள். இது மட்டும் அகப்படவில்லை. கடைசியில் 1981-இல் கலிபோர்னியாவில், கில்லமினின் மாணவர் வைலி வேல் குழுவினர் சாதித்தனர். 41 அமினோ அமிலங்கள் கொண்ட அதை இன்று சி.ஆர்.எச். என்கிறோம். அதற்குத் தேவைப்பட்டவை சுமார் 4,90,000 ஆட்டு ஹைப்போதலாமஸ் துண்டுகள். சமணனான எனக்கு அந்த எண்ணைத் தாண்டி மேலே படிக்க மனசு வரவில்லை. இந்த அறிவின் விலையாக அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சி.ஆர்.எச். எப்போது புறப்பட வேண்டும் என்பதையும் மூளை ரசாயனங்களே தீர்மானிக்கின்றன. நார்அட்ரினலின், செரடோனின் போன்றவை முடுக்குகின்றன; காபா பிரேக் போடுகிறது. சி.ஆர்.எச். பிட்யூட்டரியை எழுப்ப, அது ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட, அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கிறது. அந்தக் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. நெருக்கடி நாட்கணக்கில் ஓயாவிட்டால் இந்த ஏற்பாடு தடுமாறலாம்.

ஆகவே வீட்டில் ஒருவர் பல நாள் தூக்கமில்லாமல் தவித்தால், "தைரியம் பத்தாது" என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.