வெல்லிங்டன் வகுப்பறை

1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு நெய்வேலியில் சுரங்க வேலையைத் துவக்கி வைத்த பின், ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சச வெட்டு இயந்திரங்களையும் ருஷ்ய உதவியால் எழுந்த அனல் மின் நிலையத்தையும் கையாள, முன்பே பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்திருந்த பொறியியலாளர்களும் புதிதாகப் பாடம் கேட்க நேர்ந்தது நம்மூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். நடுப்பிராயத்து உத்தியோகஸ்தரை மறுபடி மாணவராக்கும் இந்த ஏற்பாட்டை நமது ராணுவம் அதற்கும் முன்னரே நம் ராஜ்யத்திலேயே, நீலகிரி மலைமேல், ஸ்தாபித்துவிட்டது.

1905இல் கிச்சனர் பிரபு தேவளாலியில் தோற்றுவித்து, 1907இல் குவெட்டாவுக்கு மாற்றப்பட்ட படை அதிகாரிகள் கல்லூரி, தேசப் பிரிவினையில் பாகிஸ்தானின் பாகமாயிற்று. கட்டடத்தை இழந்த இந்தியா, குன்னூரை அடுத்த வெல்லிங்டனைத் தேர்ந்தெடுத்து, பர்மாக் காடுகளில் போரிட்ட ஜெனரல் லென்டெய்ன் என்பவரின் தலைமையில் 1948இல் வகுப்பைத் துவக்கியது. தரை, கடல், வான் ஆகிய முப்படைகளின் அதிகாரிகளும், நேச நாடுகளிலிருந்து வரும் சிலரும் ஏறத்தாழ ஓராண்டு அங்கே பயில்கிறார்கள். பத்தாண்டுக்கு மேல் உத்தரவிட்டே பழகிய ஒரு மேஜர், சிறு குழுவில் வரைபடத்தின் முன் அமர்ந்து, தம் யுத்தத் திட்டம் ஏன் தோற்கும் என்று கடற்படைக்காரர் ஒருவர் எடுத்துரைப்பதைப் பொறுமையாகக் கேட்டாக வேண்டும். எனது அபிப்பிராயத்தில், அங்கே கிடைக்கும் சிக்ஷையில் பாதி இதுவே. பிற்காலத்தில் பீல்டு மார்ஷலாகிய மானெக்ஷா 1950களின் இறுதியில் அக்கல்லூரியின் தலைவரானார். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் பேசும் அவருடைய சுபாவமே அவர்மீது ஒரு விசாரணையைக் கொண்டுவந்ததும், அதில் அவர் நிரபராதியென விடுபட்டதும் பிரசித்தம்.

ஆனால் குறையும் உண்டு. இக்கல்லூரியில் இடம் பெறத் தரைப்படை அதிகாரிகள் கடும் போட்டித் தேர்வு எழுதுகிறார்கள். தேறியவருக்குப் பதவி உயர்வில் அநுகூலம் என்பதால், படிப்பு ஞானத்தின் பொருட்டன்றிப் பட்டயத்தின் பொருட்டு ஆகிவிடுகிறது. சென்ற ஆண்டு மாணவர் விட்டுச் சென்ற விடைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் வழக்கம், 'பி.சி.கே.' (முந்தைய வகுப்பின் அறிவு) என்னும் செல்லப் பெயருடன் அங்கே நெடுநாளாக வாழ்கிறது. இதற்கு மாறாக, செங்கற்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி, மோ நகரத்துப் படைக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, 1981இல் அணு ஆயுதம் பற்றி அதிகாரிகளையும் அறிஞர்களையும் தபால் மூலம் விவாதிக்கச் செய்தார். விடைத்தாள் ஏதுமில்லாத அந்த விவாதமே உண்மையான படிப்பு.

பதவி உயர்வைப் பொறுத்தவரை, அதிகாரிகளின் பணி அமைப்பை ஆராய்ந்த ஏ.வி.சிங் குழுவின் யோசனைப்படி, 2004இல், ஆறாண்டில் மேஜர், பதின்மூன்றாண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று பதவி உயர்வுக்குத் தேவையான சேவைக்கால வரம்பைக் குறைத்தார்கள். தோள்பட்டை நட்சத்திரம் விரைந்து வந்தது நன்றே. எனினும், வெல்லிங்டனில் இடம் கிடைக்காத பெரும்பான்மையோருக்கு அதற்கு ஈடான ஓராண்டுப் படிப்பை வேறெங்கேனும் அளிக்கும்வரை, அதிகாரிகளை உருவாக்கும் வேலை பாதியிலேயே நிற்கிறது என்பேன்.